தலைவலிக்கு மூன்று கண்ணாடி

எங்கள் கடையில் தலைவலிக்கு ஒரே அர்த்தம்தான். பவர் மாறியிருக்கிறது. சளி பிடித்துத் தலை வலிக்கிறவர், மாமியாரோடு மல்லுக்கட்டித் தலை வலிக்கிறவர், காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல் தலை வலிக்கிறவர், யார் வந்து நெற்றியைத் தேய்த்தாலும் என் அக்கா, "உள்ள வாங்க, உக்காருங்க" என்பாள். கடைக்குப் பின்னால் திரை போட்ட சின்ன இருட்டறை. ஒரு நாற்காலி, சுவரில் விளக்கு வைத்த எழுத்துப் பலகை, மரப்பெட்டி நிறைய சோதனை லென்ஸ்கள். உள்ளே போனவர் வெளியே வரும்போது தலைவலி போயிருக்கும், அல்லது போய்விட்டதாக அவரே நம்பியிருப்பார். அக்காவின் கைராசி அப்படி.

அக்கா கண் பார்ப்பாள். அத்தான் அதற்கேற்ப லென்ஸ் தேய்ப்பார். நான் அதைப் பிரேமில் மாட்டி, மூக்குக்கும் காதுக்கும் சரிசெய்து, காசு வாங்கிப் போடுவேன். அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். நான் கல்யாணம் கட்டிப் பார்த்து, சரிப்படாமல், பெட்டியோடு இவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள். "ஒருத்தியைக் கட்டினேன், இன்னொருத்தி இலவசமா வந்துட்டா" என்று அத்தான் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். "இலவசமா வந்ததுதான் உங்க கடையைத் தாங்கிப் பிடிச்சுக்கிட்டு இருக்கு" என்று நானும் விடமாட்டேன். எங்கள் மூன்று பேருக்கும் வாய் அதிகம். அவ்வளவு வாயை வைத்துக்கொண்டு, சொல்ல வேண்டியதை மட்டும் இரண்டு பேரும் சொல்லாமல் விட்டார்கள். அந்த ஆத்திரம் எனக்கு இன்னும் அடங்கவில்லை.

போன வருடம் அத்தானுக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். வெட்டி எடுக்கிற கட்டத்தைத் தாண்டிவிட்டது, ஆனால் கட்டிப்போட்டு வைக்கலாம் என்றார் டாக்டரம்மா. மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி. "ஆம்பளைங்க உடம்புல ஊறுற ஹார்மோன்தான் இந்த நோய்க்குச் சாப்பாடு. ஊசி போட்டு அந்தச் சாப்பாட்டை நிறுத்துறோம்" என்று பொறுமையாக விளக்கினார். உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கும், வேர்த்து ஊற்றும், அசதி இருக்கும், ரத்தம் குறையலாம், எது வந்தாலும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, புருஷன் பெண்டாட்டி விஷயத்தில் நாட்டம் போய்விடும், இரண்டு பேரும் மனம்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா சுவரைப் பார்த்தாள். அத்தான் தன் செருப்பைப் பார்த்தார். நான் தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

அவர்கள் பேசிக்கொள்ளவே இல்லை. முதல் ஊசி போட்டுச் சில வாரத்தில் அத்தான் தலையணையை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். "எனக்குத்தான் கொதிக்குது. உன் தூக்கம் ஏன் கெடணும்?" என்றார். "உங்க இஷ்டம்" என்றாள் அக்கா. அவ்வளவுதான் பேச்சு. கொதிப்பு ஒரு சாக்கு என்று எனக்கே தெரிந்தது. பெண்டாட்டிக்குக் கொடுக்கத் தன்னிடம் இனி ஒன்றும் இல்லை என்று அவர் நினைத்துக்கொண்டார். தன் பக்கத்தில் படுக்கவே அவருக்குப் பிடிக்கவில்லை என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் நானும் அக்காவுமாகப் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது அவளுக்கு மனசு தாங்கவில்லை. "கை தெரியாமப் பட்டாக்கூட நகர்ந்து போறாருடி. நான் அவர்கிட்ட என்ன அதையா கேட்டேன்? பக்கத்துல இருந்தாப் போதாதா எனக்கு?" என்றாள்.

"இதை என்கிட்டச் சொல்லி என்ன பிரயோஜனம்? அவர்கிட்டச் சொல்லு."

"நானா? நானாப் போயி எப்படிடி சொல்றது?" என்று போர்வை முனையை என் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகுதான் அத்தானுக்குத் தலைவலி ஆரம்பித்தது. மெஷினில் லென்ஸைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அதை வைத்துவிட்டு நெற்றியின் இரண்டு பக்கத்தையும் அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா பார்த்தாள். நாலு நாள் கழித்து மறுபடியும் பார்த்தாள். அப்புறம் தன் வழக்கப்படி, "உள்ள வாங்க, உக்காருங்க" என்றாள்.

அன்றைக்கு அவர்கள் உள்ளே போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரைக்கு இந்தப் பக்கம் பிரேம் துடைத்துக்கொண்டிருந்தேன். "இதுவா, அதுவா?" என்று அக்காவின் குரல். "முன்னாடி போட்டதை இன்னொரு தடவை போடு" என்று அத்தான். "தலையைச் சாய்க்காதீங்க." அடுத்த லென்ஸ் மாட்டுகிற சத்தம். "மறுபடியும் சாய்க்கிறீங்க பாருங்க!" கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் எல்லோரும் தலையைச் சாய்ப்பார்கள். அக்கா இரண்டு விரலால் தாடையைப் பிடித்து நிமிர்த்துவாள். வருகிறவர்களுக்கு ஒரு தடவை நிமிர்த்தினால் போதும். அத்தானுக்கு எண்ணி மாளவில்லை. காலம் பூராவும் லென்ஸ் தேய்த்த மனுஷனுக்குத் தலையைச் சாய்க்கக் கூடாது என்று தெரியாதா? எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. அக்கா சிரிக்கிற சத்தம் கேட்டது. அந்த ஊசி வந்த பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை, அதனால் நானும் சேர்ந்து சிரித்துவைத்தேன்.

"கால் பவர் வித்தியாசம்" என்று வெளியே வந்து சொன்னாள். முகமெல்லாம் பூரிப்பு. அத்தான் தன் கண்ணாடியைத் தானே தேய்த்தார். நான் மாட்டிக்கொடுத்தேன். இரண்டு நாள் நன்றாக இருக்கிறது என்றார்.

அதற்கடுத்த வாரம் டாக்டரம்மாவைப் பார்க்க மூன்று பேரும் போனோம். "மூச்சு வாங்குதா? படபடப்பு? தலைவலி ஏதாவது?" என்று அவர் கேட்டார். அத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "தலைவலி இருந்துச்சு டாக்டர். அது பவர் மாறினதால வந்தது. நாங்களே கண்ணாடிக்கடைதான். நான் பாத்துச் சரிபண்ணிட்டேன்." அதைச் சொல்லும்போது அவளுக்கு ஒரு பெருமை. அத்தானும் தலையாட்டினார். டாக்டரம்மா புன்னகைத்துவிட்டு, எதற்கும் இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்.

அது பள்ளிக்கூடம் திறக்கிற நேரம். கண்ணாடிக்கடைக்கு அதுதான் அறுவடைக்காலம். கரும்பலகை தெரியவில்லை என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வரும் அம்மாக்கள் வாசல்வரை நின்றார்கள். இந்தக் கூட்டம் ஓயட்டும் என்று அக்கா சொன்னாள், நான் சொன்னேன், அத்தானும் சொன்னார். சீட்டு கல்லாப்பெட்டி மேலேயே கிடந்தது.

தலைவலி திரும்பி வந்தது. அக்கா மறுபடியும் உள்ளே கூப்பிட்டாள். இந்தத் தடவை இடது கண்ணில் கால் பவர். அத்தான் இன்னொரு கண்ணாடி தேய்த்துக்கொண்டார். அப்புறம் மூன்றாவது. மூன்றாவது தடவை உள்ளே போனவர்கள் ரொம்ப நேரம் வரவில்லை. "இதுவா, அதுவா?" என்று கேட்டுக் கேட்டு அக்காவின் குரல் கட்டிவிட்டது. அத்தான் ஒரு தடவை இது என்பார், அடுத்த தடவை அதையே வேண்டாம் என்பார். வெளியே வந்த அக்கா, "எந்த வாடிக்கையாளரும் என்னை இந்தப் பாடு படுத்தினதில்ல" என்றாள். ஆனால் அவள் குரலில் அப்போதும் கோபம் இல்லை.

இதற்கிடையில் அத்தானின் நிறம் வெளுத்துக்கொண்டே வந்தது. அதை நாங்கள் பார்க்காமல் இல்லை, பார்த்துச் சிரித்தோம். வெயிலில் அலையாமல் கடைக்குள்ளேயே இருந்தால் நிறம் வரத்தானே செய்யும் என்று வருகிறவர்களும் சொன்னார்கள். "என்ன அத்தான், கல்யாண மாப்பிள்ளை மாதிரி கலர் ஏறிக்கிட்டே போகுது? அக்காவுக்குத் தெரியாம எங்கயாவது பொண்ணு பாத்து வச்சிருக்கீங்களா?" என்று கேட்டவள் நான்தான். அவரும் மீசையைத் தடவிவிட்டுக்கொண்டார். மாடிப்படி ஏறினால் நடுவில் நின்றுவிடுவார். "வயசாகுதில்ல" என்பார். எல்லாவற்றுக்கும் எங்களிடம் ஒரு காரணம் தயாராக இருந்தது.

நாலாவது தடவை அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றது கூட்டம் உச்சத்தில் இருந்த ஒரு சனிக்கிழமை காலை. அக்கா கூப்பிடவில்லை. அவராகவே திரையை விலக்கி உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார். சோதனைப் பிரேமையும் அவரே மூக்கில் மாட்டிக்கொண்டார். வாசலில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. இரண்டு பேர் தங்கள் முறை எப்போது என்று என்னிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா திரையை விலக்கிப் பார்த்தாள், அவ்வளவுதான், வெடித்துவிட்டாள்.

"உங்க கண்ணுல ஒண்ணுமில்ல. வேலை செய்ய மனசில்ல, அதுக்குத் தலைவலின்னு ஒரு பேரு. வெளிய எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு தெரியுதா? எதிர்க்கடையில மெஷின் வச்சிருக்கான். கொண்டுபோய் உங்க தாடையை அதுல வைங்க. அது எத்தனை தடவை வேணும்னாலும் பாக்கும். அதுக்கு அலுப்பே வராது!"

கடை முழுக்கக் கேட்டது. எதிர்க்கடைக்காரன் எங்கள் ஜென்ம விரோதி. இரண்டாம் மாடியில் கம்ப்யூட்டர் மெஷின் வைத்துக்கொண்டு பரிசோதனை இலவசம் என்று பலகை மாட்டியிருப்பவன். அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டோம். அத்தான் சோதனைப் பிரேமைக் கழற்றினார். அதைப் பெட்டியில் அதன் இடத்தில் வைத்தார். "சரிம்மா" என்றார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே போனார். கோபத்தில் எங்காவது போய் ஒரு டீ குடித்துவிட்டு வருவார் என்று நான் நினைத்தேன். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தால் மனுஷன் நிஜமாகவே தெருவைக் கடந்து எதிர்க்கடைப் படியில் கால் வைக்கிறார். "போறார் பாரு, வீம்புக்கு" என்றாள் அக்கா.

கொஞ்ச நேரத்தில் எதிர்க்கடையில் வேலை பார்க்கும் பெண் செருப்பில்லாமல் ஓடி வந்தாள். "அக்கா, சீக்கிரம் வாங்க! அவர் எங்க மாடிப்படியில விழுந்துட்டாரு!"

ஆஸ்பத்திரியில் அத்தானைப் படுக்கவைத்ததும் நர்ஸ் முதலில் செய்த காரியம், கட்டைவிரலால் அவருடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்ததுதான். "இங்க பாருங்க. சிவப்பே இல்ல. எத்தனை நாளா இப்படி இருக்காரு?" என்று கேட்டார். நாங்கள் குனிந்து பார்த்தோம். இமைக்கு உட்பக்கம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அக்கா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் நகம் பதிந்த இடம் இரண்டு நாள் வலித்தது.

"இந்தக் கண்ணைத்தானேடி மூணு தடவை பாத்தேன். இவ்வளவு கிட்ட வச்சிக்கிட்டுப் பாத்தேன்" என்றாள். அவள் பார்த்தது அந்தக் கண்ணுக்கு எது தெரிகிறது என்று. கண்ணைப் பார்க்கவில்லை.

நெற்றியில் தையல் போட்டார்கள். ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் டாக்டரம்மா வந்தார். "ஊசி போட்டா ரத்தம் கொஞ்சம் இறங்கும், அது எதிர்பார்த்ததுதான். இவருக்கு இரும்புச்சத்தும் சேர்ந்து குறைஞ்சிருக்கு, அதனாலதான் இவ்வளவு இறங்கிடுச்சு. ஏன் குறைஞ்சதுன்னு வயித்தையும் ஒரு தடவை பாத்துடுவோம். இவ்வளவு நாள் இருந்த தலைவலி, மூச்சு வாங்கினது எல்லாம் இதாலதான். முன்னாடியே தெரிஞ்சிருந்தா மாத்திரையோட போயிருக்கும்" என்றார். யாரையும் குற்றம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

மத்தியானம் வெயில் ஜன்னலில் இறங்கி அவர் போர்வைமேல் விழுந்தது. ரத்தம் ஏறி அத்தானின் உதட்டில் கொஞ்சம் நிறம் வந்திருந்தது. அக்கா அவருடைய மூன்றாவது கண்ணாடியைக் கையில் வைத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தாள். துடைக்க அதில் ஒன்றும் இல்லை.

"இதைப் போட்டா நிஜமாவே வலி குறைஞ்சுதா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"ரெண்டாவது கண்ணாடி?"

"முதல் கண்ணாடியிலயே தெரியும்மா, பவர் இல்லைன்னு. நான் தேய்ச்ச லென்ஸ், எனக்குத் தெரியாதா?"

"பின்ன எதுக்குங்க திரும்பத் திரும்ப வந்து உக்காந்தீங்க? என்கிட்டச் சொல்லியிருந்தா அன்னிக்கே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போயிருப்பேனே!"

அத்தான் என்னைப் பார்த்தார். நான் எழுந்து போயிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அவர் மேலே தொங்கும் ரத்தப் பையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "நீ தாடையைப் புடிச்சு நிமித்துவே. அதுக்குத்தான்."

அக்காவின் கை நின்றது.

"ஊசி வந்த பிறகு நீ என்னைத் தொடுறதே இல்ல. தப்பு சொல்லல. நான்தான் தள்ளிப்போனேன். அந்த நாற்காலியில உக்காந்தா மட்டும் கிட்ட வந்து நிப்பே. மூச்சு படும். அதான், இதுவா அதுவான்னு நீ கேக்கிறப்ப கொஞ்சம் இழுத்தடிச்சேன்."

"இதை வாயத் தொறந்து சொன்னா என்ன?" அக்கா கத்தினாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். "கிட்ட வான்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"எந்த முகத்தை வச்சிக்கிட்டுக் கூப்பிடுறது? கூப்பிட்டா அப்புறம் குடுக்க என்கிட்ட என்ன இருக்கு?"

அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அப்பா செத்தபோதுதான். அத்தான் ஊசி குத்தாத கையை நீட்டினார். பாதி தூரம் வந்த கை போர்வைமேல் இறங்கிவிட்டது. அவளாவது அதைப் பிடித்திருக்கலாம். முகத்தை மூடியிருந்தவளுக்கு அந்தக் கை தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. எடுத்து அவள் மடியில் வைத்திருக்க வேண்டும் என்று எத்தனையோ நாள் நினைத்திருக்கிறேன்.

வயிற்றுப் பரிசோதனையில் ஒரு சின்னப் புண்தான் என்று தெரிந்தது. மாத்திரை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஹார்மோன் ஊசி தொடர்கிறது. ரத்தம் மெல்ல மெல்ல ஏறியது. தலைவலி போயே போய்விட்டது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று கேட்பவர்களிடம் சொல்கிறோம். அத்தான் இன்னும் முன்னறையில்தான் படுக்கிறார்.

ஒருநாள் கடை அடைக்கிற நேரம். அக்கா எழுத்துப் பலகை விளக்கைப் போட்டாள். "வாங்க, ஒரு தடவை பாத்துடலாம்" என்றாள். சும்மா சொல்வதுபோல் சொன்னாள், ஆனால் அன்று சாயங்காலமே தலைவாரி முகம் கழுவி வைத்திருந்தாள்.

"நல்லாத்தாம்மா தெரியுது. உனக்கு ஏன் சிரமம்?"

"பரவாயில்ல, வாங்க."

உள்ளே போனார்கள். நான் பிரேம் துடைக்கிற சாக்கில் திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். "இதுவா, அதுவா?" "இது." "இதுவா, அதுவா?" "ரெண்டும் ஒண்ணுதான்." டக்டக்கென்று பதில். தலையைச் சாய்க்காதீர்கள் என்று அக்கா ஒரு தடவைகூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவர் நேராக உட்கார்ந்திருந்தார். வந்த வேகத்தில் முடிந்துவிட்டது. "தேங்க்ஸ்ம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, என்னைப் பார்த்து ஒரு அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுப் போனார். உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு அந்த விளையாட்டை விளையாட அவருக்கு வெட்கம். இப்போது இழுத்தடித்தால் பிச்சை கேட்டதுபோல் ஆகிவிடும் என்று நினைத்திருப்பார். எனக்கு அவரை நாலு அறை விடலாம் போல இருந்தது. அக்கா உள்ளேயே இருந்தாள். "பவர் மாறவே இல்லடி. எல்லாம் சரியாச் சொல்லிட்டாரு" என்றாள், ஏதோ பரீட்சையில் பிள்ளை தோற்றுவிட்டதுபோல.

போன வாரம் நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். காலையில் கடை திறந்து கொஞ்ச நேரம். அத்தான் மெஷின் முன்னால் உட்காரப் போனார். அக்கா அவருக்கு எதிரில் போய் நின்று நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"எனக்குத் தலை வலிக்குதுங்க" என்றாள்.

அவளுக்குத் தலைவலியும் இல்லை, கிலைவலியும் இல்லை. காலையில் என்னோடு சண்டைபோட்டுப் பாத்திரம் கழுவியவள். எனக்குப் புரிந்துவிட்டது. துணியை வைத்துவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அத்தான் முகம் வெளுத்துவிட்டது. "எப்பலேர்ந்து? மூச்சு வாங்குதா? ஏன் முன்னாடியே சொல்லல?" என்று பதறி எழுந்து அவளிடம் வந்தார். இடது கையால் அவள் தாடையைப் பிடித்து வெளிச்சத்துப் பக்கம் நிமிர்த்தினார். வலது கட்டைவிரலால் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், அந்த நர்ஸ் பார்த்ததுபோலவே. அக்கா அசையவில்லை.

"சிவப்பாத்தான் இருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்று பெருமூச்சு விட்டுக் கையை எடுத்தார். "எதுக்கும் நாளைக்கு ரத்தம் குடுத்துப் பாத்துடலாம்." திரும்பிப் போய் மெஷினைப் போட்டார்.

"அந்தக் கண்ணையும் பாருங்க" என்றாள் அக்கா.

மெஷின் சத்தத்தில் அவர் காதில் விழவில்லை. லென்ஸைக் கல்லில் வைத்துக் குனிந்துவிட்டார். அக்கா தாடையைத் தூக்கியபடியே நின்றுகொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருக்கும் மெயின் சுவிட்சை அணைத்தேன். மெஷின் முனகிக்கொண்டே நின்றது. கடையில் சத்தமே இல்லை.

"கரண்டு போயிடுச்சா?" என்றார் அத்தான். அப்புறம் அக்கா இன்னும் அங்கேயே நிற்பதைப் பார்த்தார். "என்னம்மா? ஏதோ சொன்ன மாதிரி இருந்துச்சே?"

அக்கா என்னைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். சொல்லுடி, சொல்லித் தொலை என்று நான் மனசுக்குள் கெஞ்சினேன்.

"ஒண்ணுமில்ல. நேத்து வந்த வாத்தியார் கண்ணாடி கேட்டு வருவார், அதை முதல்ல முடிங்க" என்றாள்.

"கரண்டு வரட்டும்" என்றார் அவர்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நான் சுவிட்சைப் போட்டேன்.